தொட்டியில் ஒரு குடைவேல மரம்

எங்கள் அடுக்ககத்தின் தண்ணீர் மோட்டார் போன வாரம் புகைந்துபோனது. நான் கீழே இறங்குவதற்குள் அந்த வாசனை மாடிப்படி ஏறி வந்துவிட்டது. கருகிய வார்னிஷ் வாசனை. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் நன்றாக இழுத்து முகர்ந்துகொண்டு நின்றேன். எதிர்வீட்டுப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். வயதானால் இப்படி ஏதாவது ஒன்று கிளம்பும் என்று நினைத்திருப்பாள், நினைத்துக்கொள்ளட்டும். எனக்கு அது மோட்டார் வாசனையே இல்லை. பாலக்கரையில் எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டித் தரும் ஜாபர் பாய் கடையின் வாசனை.

எழுபதுகளின் நடுவில் கல்யாணமாகி நான் ஸ்ரீரங்கத்துக்கு வந்தேன். அதற்கு முன் திருவெறும்பூர்க்காரி. அப்பாவுக்குத் தொழிற்சாலை வேலை, குவார்ட்டர்ஸ் வீடு, குழாயைத் திறந்தால் தண்ணீர். ஸ்ரீரங்கத்து வீட்டிலோ கிணற்றில் ஒரு மோட்டார் போட்டிருந்தார்கள். அது வருஷத்துக்கு ஒரு முறையாவது எரிந்துபோகும். என் கணவர் அதைச் சாக்கில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டி, பாலக்கரைக்குக் கொண்டுபோவார். கண்டோன்மென்ட்டில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்த நான், சாயங்காலம் வீடு திரும்பும்போது ஒண்ணாம் நம்பர் பஸ்ஸிலிருந்து இறங்கி, மோட்டார் தயாரா என்று கேட்டுவிட்டு வர வேண்டும். 'நாளைக்கு ஆயிரும் தங்கச்சி' என்பார் பாய். அந்த நாளை எப்போதுமே நாளைக்குத்தான் இருக்கும். அப்படி நடையாக நடந்ததில்தான் அந்த மரத்தைப் பார்த்தேன்.

மேஜை ஓரத்தில், வெயில் விழும் ஒரே இடத்தில், தட்டு மாதிரி ஒரு மண் தொட்டி. அதில் ஒன்றரைச் சாண் உயரத்துக்கு ஒரு முள் மரம். செடி இல்லை, மரமேதான். அடித்தண்டு சொரசொரவென்று கிழடு தட்டியிருந்தது. கீழே ஒரு கிளை கிடையாது. உச்சியில் மட்டும் கிளைகள் பக்கவாட்டில் விரிந்து, மேலே பலகையை வைத்து அமுக்கியதுபோல் தட்டையாக நின்றது. 'என்ன பாய், தலையை வெட்டிட்டீங்களா?' என்று கேட்டேன். எனக்குச் செடி கொடிகளைப் பற்றித் தெரிந்ததெல்லாம் கறிவேப்பிலை மட்டும்தான்.

'வெட்டுனதுதாங்க. ஆனா அதோட சுபாவமே அதான். குடைவேல மரம்னு பேரு. எங்க ஊரு வையம்பட்டிக்கு அந்தாண்ட மேய்ச்சக் காட்டுல போயிப் பாருங்க, குடையை விரிச்சு நட்ட மாதிரி நிக்கும். எல்லா மரமும் மேல மேல போகப் பாக்கும். இது ஓரளவுக்கு வந்ததும் போதும்னு பக்கத்துல போகும்.'

மலர்க் கண்காட்சி ஒன்றில் யாரோ வைத்திருந்த குள்ள ஆலமரத்தைப் பார்த்துவிட்டு வந்து, தன் ஊர் மரத்தை அப்படிச் செய்ய முடியுமா என்று முயன்றிருக்கிறார். சொல்லித்தர ஆளில்லை. ஆனால் கையில் கம்பி இருந்தது. எரிந்த மோட்டாரிலிருந்து உருவி எடுத்த செம்புக் கம்பி, ஒரு முறை தீயில் வெந்ததால் மெத்தென்று ஆகியிருக்கும். விரல் சொன்னபடி கேட்கும், வளைத்த இடத்தில் நிற்கும். அதைக் கிளையின் மேல் திருகுச் சுற்றாகச் சுற்றி, கிளையைப் படுக்கவைத்து, சில மாதம் கழித்துக் கம்பியைக் கழற்றினால் கிளை படுத்தபடியே நின்றுவிடும். மேலே நிமிரும் கொழுந்தைக் கிள்ளுவது, கீழே தொங்குவதை வெட்டுவது, பக்கத்தில் போவதை மட்டும் போக விடுவது. இவ்வளவுதான் வித்தை என்பார். இவ்வளவுதான் என்று சொல்கிறவர்களை நம்பக் கூடாது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

எழுபதுகளின் கடைசியில் பாய் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வளைகுடாவுக்குக் கிளம்பினார். பாலக்கரையில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஓர் ஆண் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. போவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மரத்தை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கூடவே மனைவி ஹமீதா, இடுப்பில் கைக்குழந்தை பானு. விரல் நீளத்துக்கு வெள்ளை வெள்ளையாக முள் இருந்ததால் அந்த நெரிசலிலும் தன்னைச் சுற்றி மட்டும் தாராளமாக இடம் இருந்தது என்று சிரித்தார்.

'புள்ள தவழுது. வீட்ல முள்ளை வச்சுக்க முடியல. வெயிலும் கெடையாது. உங்க மாடியில ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும் தங்கச்சி. மண்ணுல குச்சியைக் குத்திப் பாருங்க. ஈரம் ஒட்டுனா தண்ணி வேணாம். மத்தது ஹமீதா வந்து பாத்துக்குவா.'

என் மாமியாருக்குப் பிடிக்கவில்லை. 'முள்ளு மரத்த ஆத்துல வச்சுக்கப்டாதுடா. சண்டை வரும்னு சொல்லுவா' என்று மகனிடம் முறையிட்டார். 'அது மரம் இல்லாமலே வரதேம்மா' என்றார் என் கணவர். அதற்கு நான் ஒரு வாரம் அவரிடம் பேசவில்லை. கடைசியில் மொட்டை மாடி ஆத்துக்குள் சேர்த்தி இல்லை என்று மாமியாரே ஒரு தீர்ப்பு வழங்கி, மரம் எங்களோடு தங்கியது.

இப்போது ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். வறண்ட காட்டு மரத்தை ஸ்ரீரங்கத்துக்காரர்களிடம் ஒப்படைக்கவே கூடாது. ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம், நடுவில் தீவில் பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களுக்குப் பிரியம் என்றால் தண்ணீர் ஊற்றுவது. வந்தவருக்குத் தண்ணீர், வாசலுக்குத் தண்ணீர், பெருமாளுக்குத் தண்ணீர். எந்த மரத்தை ஆகாது என்றாரோ அந்த மரத்துக்கு, துளசிக்கு விட்ட சொம்பில் மீந்ததை எடுத்துக்கொண்டு, தினமும் காலையில் என் மாமியார் மாடியேறிக்கொண்டிருந்தார். யாருக்கும் தெரியாது. நான் குச்சியைக் குத்திப் பார்ப்பேன், ஈரம் ஒட்டும், 'அட, என்ன பக்குவமாக ஈரம் காக்கிறது' என்று வியந்துவிட்டு இறங்கிவிடுவேன். மார்கழியில் இலை மஞ்சளாகியது. வாடுகிறதே என்று அவர் இன்னும் ஒரு சொம்பு சேர்த்திருக்கிறார். பொங்கலுக்குள் மரம் மொட்டையாகிவிட்டது. தொட்டியைச் சாய்த்தபோது வேர் கறுத்து, சாக்கடை நாற்றம் அடித்தது.

மாமியார் அழுதார். 'துளசிக்கு விட்டுட்டு அதுக்கு விடலேன்னா பாவமில்லையோன்னு நெனச்சேன்' என்று அழுதார். திட்டவும் முடியவில்லை.

ஹமீதா அந்த வாரம் வந்தாள். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று இருக்கலாம். அதிகம் பேச மாட்டாள். பட்ட மரத்தைப் பார்த்தாள், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்ற மாமியாரைப் பார்த்தாள். 'விடுங்க மாமி, செடிதானே. அழுவாதீங்க' என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தாள். அந்த நாளில் வளைகுடாவிலிருந்து கடிதத்தோடு குரலும் வரும். ஊருக்கு வருகிறவர்களிடம் கேசட்டில் பேசிக் கொடுத்து அனுப்புவார்கள். கேட்டுவிட்டு, மறுபக்கத்தில் இங்கிருந்து பேசி அனுப்ப வேண்டும். டேப் ரிகார்டர் எங்கள் வீட்டில் இருந்தது. உபன்யாசம் கேட்க வாங்கியது.

நாங்கள் நாகரிகமாக அடுக்களைக்குள் போய்விட்டோம். ஆனால் அது இரண்டு கட்டு வீடு இல்லை, மாடியில் இரண்டே அறை. ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் எல்லாம் கேட்டது. பாய் எல்லோரையும் விசாரித்தார், என்னை, என் மாமியாரை, எங்கள் மோட்டாரைக்கூட. பிறகு குரல் இறங்கியது.

'இங்க கண்ணுக்கெட்டுன தூரத்துக்கு ஒரு பச்சை இல்ல ஹமீதா. சூடு தாங்கல. ரெண்டு பேரு பாதியிலயே ஊருக்குத் திரும்பிட்டாங்க. எனக்கும் போயிரலாமான்னு இருக்கு. ஆனா கண்ணை மூடுனா அந்த மரந்தான் வருது. அது அங்க தாக்குப்பிடிக்கிற வரைக்கும் நானும் இங்க தாக்குப்பிடிச்சிருவேன்னு ஒரு நெனப்பு. பைத்தியக்காரத்தனந்தான். மரம் எப்படி இருக்குன்னு சொல்லு.'

டக்கென்று நிறுத்தும் சத்தம். கேசட்டைத் திருப்பிப் போடும் சத்தம். பிறகு ஹமீதாவின் குரல். பானுவுக்குப் பல் முளைத்தது, கடையைப் பார்த்துக்கொள்ளும் தம்பிக்குக் காய்ச்சல் வந்து போனது எல்லாம் சொன்னாள். கடைசியில், குரல் மாறாமல், 'மரம் நல்லா இருக்குங்க. தலை தட்டையாவே இருக்கு' என்றாள். எங்கள் வீட்டுக் கேசட்டுகள் எல்லாவற்றிலும் பின்னால் ரயில் கூவும், அதிலும் கூவியது. அவள் அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

'அக்கா, இப்ப ஒரு மரம் வேணும்.'

எனக்குச் சொல்லத் தோன்றியது, உண்மையைச் சொல்லிவிடு என்று. அந்தக் குரலைக் கேட்ட பிறகு சொல்ல வாய் வரவில்லை.

வையம்பட்டிக்கு நாங்கள் இரண்டு பேரும் போனதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். காய்ந்த மண்ணில் தோண்ட முடியாதென்று காத்திருந்து, ஆடி மாதத்து முதல் மழைக்குப் பிறகு, திண்டுக்கல் பஸ்ஸில், ஒரு கடப்பாரையும் ஈரச் சாக்கும். நான் ஆபீசுக்கு உடுத்தும் நைலக்ஸ் புடவையில் போயிருந்தேன். அந்தக் காட்டில் என் புடவையில் ஒட்டாத முள்ளே இல்லை. குடைவேல மரங்கள் தூரத்தில் பாய் சொன்னபடியே விரித்த குடையாக நின்றன. ஹமீதா அவற்றை ஏறிட்டும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடியே நடந்தாள். ஆடு மேய்ந்து மேய்ந்து முழங்காலுக்கு மேல் எழும்ப விடாமல் வைத்திருந்த ஒரு பழைய செடியின் முன்னால் குந்தினாள். தண்டு மணிக்கட்டுப் பருமன். உச்சி நாராகக் கடிபட்டிருந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாள் எங்களை வேடிக்கை பார்த்தார். 'இதையா தோண்டுறீங்க? ஆடே வேணாம்னு விட்டதாச்சே' என்றார்.

அது பிழைக்குமா என்று தெரிய ஐப்பசி வரை ஆனது. மாமியார் மாடிப்படியின் கடைசிப் படியில் நின்று தூரத்திலிருந்து பார்ப்பார், கிட்டே வர மாட்டார். 'துளசி உங்களுது மாமி, இது என்னுது' என்று ஹமீதா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். முதல் துளிர் வந்த அன்று அவர் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, பிரசாதத்தில் ஒரு உருண்டையை ஹமீதாவுக்கென்று எடுத்துவைத்தார்.

பிறகு மாதாமாதம் ஹமீதா வந்தாள், பாய் கடைக் கம்பியோடு. அவளுக்கு இடது கைப் பழக்கம். சின்ன வயதில் சூடு வைத்துக்கூடப் பார்த்திருக்கிறார்கள். சாப்பிட மட்டும் வலது கைக்கு மாறினாள், மற்றதற்கு எல்லாம் இடதுதான். கம்பி சுற்றும்போது யாரும் கவனிக்கிறார்களா என்று சுற்றும்முற்றும் பார்த்துக்கொள்வாள். மாடியில் நானும் பானுவும் காக்காயும்தான் இருப்போம்.

முதல் தடவை இறுக்கிக் கட்டிவிட்டாள். மழைக்காலத்தில் கிளை சட்டென்று பருத்தது, கம்பி பட்டையைக் கடித்துவிட்டது. அவிழ்த்தபோது கிளையைச் சுற்றிப் பள்ளமாகத் தடம். அன்றைக்கு அழுதாள், பட்ட மரத்துக்கு அழாதவள். அடுத்த முறை என் கணவரின் பழைய குடையைக் கேட்டு வாங்கி, துணியைக் கிழித்துவிட்டு, கம்பிகளை விரித்தும் மடக்கியும் பார்த்துக்கொண்டிருந்தாள். 'குடைக்கம்பி எல்லாம் ஒரே எடத்துலேருந்து கெளம்புதுக்கா. மரம் அப்படி இல்ல. ஒண்ணுக்கு மேல ஒண்ணாக் கெளம்புது, மேல போயி ஒண்ணாச் சேருது' என்றாள். கீழ்க் கிளைகளை ஒவ்வொன்றாகக் கழித்தாள். ஒரேயடியாக வெட்ட மாட்டாள், மரத்துக்கு மூச்சு முட்டும் என்பாள். படுக்கவைத்த கிளையின் நுனியை மட்டும் துளி நிமிர விடுவாள். இல்லாவிட்டால் நோயாளி மாதிரி இருக்குமாம். உச்சியில் அடர்ந்த இலையைப் பிடுங்கி, வெயில் சல்லடையாக உள்ளே இறங்கும்படி செய்தாள்.

பழைய மரத்துக்குப் புகைப்படம் கிடையாது. எல்லாம் அவள் ஞாபகத்தில் இருந்துதான். 'அதோட இந்தப் பக்கக் கிளை கொஞ்சம் தாழ்ந்திருக்கும்' என்று சொல்லிச் சொல்லி வளைப்பாள். நானும் தெரிந்தவள் மாதிரி தலையாட்டுவேன். ஒரு நாள் அப்படி வளைக்கப் போனவள் கையை எடுத்துவிட்டாள். 'வேணாம்க்கா. இது இப்படியே இருக்கட்டும். இதுக்கு இதான் நல்லா இருக்கு' என்றாள். அன்றைக்குத்தான், பாய் வந்தால் கண்டுபிடித்துவிடுவாரே என்று எனக்குப் பயம் வந்தது. அவள் கணவனுக்குச் சொன்ன பொய்யைக் காப்பாற்ற இதை வளர்க்கவில்லை, தனக்காக வளர்க்கிறாள் என்று தோன்றியது. கேசட்டில் மட்டும் ஒவ்வொரு முறையும் அதே வாக்கியம். மரம் நல்லா இருக்குங்க.

மூன்று வருஷம் கழித்து பாய் விடுமுறையில் வந்தார். இளைத்து, கறுத்து, அத்தர் மணக்க வந்தார். பானு அவரைக் கண்டு அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். நேராக மாடிக்குப் போகலாம் என்றார். எல்லோரும் ஏறினோம். மாமியார் பெருமாள் பெயரை முணுமுணுத்தபடி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாய் மரத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். தொட்டியைக் கால் வட்டம் திருப்பினார். விரலை உள்ளே விட்டு ஒரு கிளையின் அடிப்பக்கத்தைத் தடவினார்.

'மாஷா அல்லா. அப்படியே இருக்கு. விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கு' என்றார்.

மாமியார் கைகூப்பிவிட்டார். நானும் மூச்சு விட்டேன். காபி போடக் கீழே வந்தபோது பின்னாலேயே ஹமீதா வந்தாள். டம்ளரை எடுத்து நங்கென்று மேடையில் வைத்தாள்.

'ஒரு வித்தியாசங்கூடத் தெரியலையாமேக்கா.'

'தெரியக் கூடாதுன்னுதானே வேண்டிக்கிட்டே?'

'ஆமா. அப்படித்தான் வேண்டிக்கிட்டேன்' என்றவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. அவளையே பார்த்துக்கொண்டிருந்த நான் பாலைப் பொங்கவிட்டேன்.

திரும்பிப் போவதற்கு முன் பாய் இன்னொரு முறை வந்தார், ஹமீதாவோடு. மாமியார் கோயிலுக்குப் போயிருந்த நேரம். கையில் ஒரு சுருள் செம்புக் கம்பி, தானே எரித்துப் பதமாக்கியது. தனக்குப் பிடித்தபடி கட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் சுருளை ஹமீதாவிடம் நீட்டினார்.

'நீயே கட்டு.'

'எனக்கு என்ன தெரியும்?' என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவர் அவளுடைய இடது கையைப் பிடித்து, விரலை அந்தக் கிளையின் அடிப்பக்கத்தில் வைத்தார். கம்பி கடித்த பழைய தடம். 'இது எடப்பக்கமா ஏறுது பாரு. ஆயிரம் மோட்டார் கட்டியிருக்கேன், ஒரு நாளும் என் கை அப்படிச் சுத்துனதில்ல. அன்னிக்குத் தொட்டதுமே தெரிஞ்சுபோச்சு.'

'அப்பவே சொல்றதுக்கு என்ன?'

'மாமி சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு சாமியக் கூப்பிட்டுக்கிட்டு நின்னாங்க. அவங்க முன்னால எப்படிச் சொல்ல?' மரத்தின் பக்கம் திரும்பினார். 'என் மரம் எப்பவோ போயிருக்கு. தெரியாமலே தாக்குப்பிடிச்சிருக்கேன். இது என்னுதைவிட நல்லா இருக்கு ஹமீதா.'

அவள் சுருளை வாங்கிக்கொண்டாள். உட்கார்ந்து, ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்து, கம்பியைச் சுற்ற ஆரம்பித்தாள். முதல் முறையாகச் சுற்றும்முற்றும் பார்க்காமல் சுற்றினாள். பாய் தொட்டியைப் பிடித்துக்கொண்டார். நான் மெல்லக் கீழே இறங்கிவிட்டேன்.

எண்பதுகளின் கடைசியில் பாய் திரும்பி வந்துவிட்டார். உறையூர்ப் பக்கம் வெயில் விழும் வீடாகப் பார்த்துப் போனார்கள். மரம் மறுபடியும் ஹமீதாவின் மடியில் பஸ் ஏறியது. இத்தனை வருஷத்துக்கு ஞாபகமாக, பழைய கிளை ஒன்றிலிருந்து வெட்டாமல் சுற்றுச் சுற்றாகக் கழற்றிய கம்பி ஒன்றை என் கையில் வைத்தாள். கிளை இல்லாத வெறும் சுருள்.

மாமியார் போய்விட்டார். ஸ்ரீரங்கத்து வீடு இப்போது யாத்ரீகர்கள் தங்கும் லாட்ஜ். எங்கள் மொட்டை மாடிக்குத் தகரக் கூரை போட்டுவிட்டார்கள். பாய் கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். பாய்க்குப் பிறகு ஹமீதாவும் காலமான செய்தி எனக்குப் பல மாதம் கழித்துத்தான் வந்தது. பானு வெளிநாட்டிலிருந்து போனில் பேசினாள், அம்மா மாதிரியே நிறுத்தி நிறுத்தி. மரம் என்ன ஆனது என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. அவளும் சொல்லவில்லை. கேட்காத வரைக்கும் அது எங்கேயோ தட்டையாக நின்றுகொண்டிருக்கும் என்று எனக்கும் ஒரு பைத்தியக்காரத்தனம்.

மோட்டாரைக் கட்டித் தர முடியாதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டேன். 'இப்ப யாரும்மா காயில் கட்டுறா? புதுசு போட்டுக்கங்க' என்றார். என் வயதில் பாதி இருப்பார். புது மோட்டாரை மாட்டி ஓடவிட்டு, மோட்டார் அறைச் சாவியைத் திருப்பிக் கொடுக்க மேலே வந்தார். சாவி மாட்டும் ஆணியில் ஹமீதாவின் கம்பிச் சுருள் தொங்குவதைப் பார்த்து, எடுத்துத் திருப்பித் திருப்பி ஆராய்ந்தார்.

'யாரும்மா இதைச் சுத்துனது? தலைகீழாச் சுத்தியிருக்காங்க?'

'தலைகீழ் இல்லப்பா. அவங்களுக்கு இடது கை' என்றேன்.

சுருளை மறுபடி ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். கீழே புது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு வாசனையும் வரவில்லை.